ஒருவழிக் காந்தம்: 1956 முதல் துருவா வரை

1956-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஒன்று, அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் மெய்க்கிள்ஜான், பீன் என்னும் இருவர், ஆக்சைடு போர்த்திய கோபால்ட் துகள்களில் அதுவரை எவரும் அறியாத ஒரு காந்தப் பண்பைக் கண்டு அறிவித்தது. மற்றொன்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 4 அன்று மும்பையின் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. முன்னதற்கு அணு உலை தேவைப்படவில்லை. பின்னதைக் கட்டியவர்கள் கோபால்ட் துகள்களை எண்ணிக் கட்டவில்லை. ஆயினும் முன்னது எழுப்பிய வினாவை ஆராயும் கருவிகளுள் ஒன்று, பின்னது தொடங்கிவைத்த மரபின் வழியே டிராம்பேயில் அமைந்தது.

இப்பதிவின் கருத்து இதுதான். ஃபெர்ரோ காந்தமும் எதிர் ஃபெர்ரோ காந்தமும் ஒட்டியிருக்கும் இடத்தில் நிகழும் இந்த விளைவுக்கு 1956-லேயே விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த விளக்கம் அடிப்படையில் சரியானது. ஆனால் அதன்படி கணக்கிட்டால் விடை ஏறத்தாழ நூறு மடங்கு மிகையாக வந்தது. பிழை ஒளிந்திருந்த இடம் ஓரிரு அணு அடுக்குகளே. அவ்விடத்தைப் பார்க்கும் கருவிகள் வரும்வரை பல பதின்மங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே இது கருவிகளின் வரலாறும், அக்கருவிகளைப் பொறுமையுடன் பேணிய நிறுவனங்களின் வரலாறும் ஆகும். அணுசக்தி நகர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மின்சாரமும் அணுகுண்டும். அந்த நினைவில் இடம்பெறாத ஒரு பகுதியை இங்கே எழுத முயல்கிறேன்.

சொல்லும் பொருளும்

மேல்நிலைப் பாடநூல்கள் தரும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை ஃபெர்ரோ காந்தப் பொருள்கள். இவற்றில் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். அண்டை அணுக்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். எனவே பொருளின் காந்தம் வெளியே புலப்படும். எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்களில் அடுத்தடுத்த அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்கும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்வதால் மொத்தம் சுழியாகிவிடும். உள்ளே கண்டிப்பான ஒழுங்கு. வெளியே காந்தமே இல்லாத தோற்றம். இத்தகைய ஒழுங்கு உண்டு என்பதை 1930-களில் கோட்பாட்டு வழியாக முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். 1970-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். வெப்பம் ஏறும்போது அந்த ஒழுங்கு குலையும் எல்லைக்கு நீல் வெப்பநிலை என்று பெயர். கோபால்ட் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னர் தேவைப்படும்.

காந்தத்தின் முன்னிலையில் இரும்பு இயங்குவதை உவமையாக்குவது சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா. அங்கே இயக்கும் காந்தம் கண்ணுக்குத் தெரிந்த பொருள். நாம் பேசப்போவது, காந்தமாகவே வெளித்தோன்றாத ஒன்று தன் அண்டைக் காந்தத்தை ஆட்டுவிக்கும் கதை.

அணுக்காந்தங்களை அணிவகுக்கச் செய்வது பரிமாற்ற இடைவினை. இங்கே பரிமாற்றம் என்பது கொடுக்கல் வாங்கல் அன்று. இரண்டு எலக்ட்ரான்கள் இடம் மாறினாலும் அந்த மாற்றத்தை வேறுபடுத்தி அறிய இயலாது என்னும் குவாண்டம் விதியிலிருந்து பிறக்கும் விளைவு அது. 1928-இல் ஹைசன்பர்க் ஃபெர்ரோ காந்தத்தை இவ்வழியில் விளக்கினார். அதன் வலிமை பெரிது; எட்டும் தொலைவோ மிகச் சிறிது, பெரும்பாலும் அண்டை அணு வரை மட்டுமே. ஆகவே இரண்டு வேறு காந்தப் பொருள்களை ஒட்டவைத்தால், ஒன்றோடொன்று நேரடியாக உறவாடுபவை தொடுபரப்பில் நிற்கும் அணுக்களே.

அந்தத் தொடுபரப்பை இங்கே இடைப்பரப்பு என்கிறேன். கணினித் துறையில் புழங்கும் இடைமுகம் என்ற சொல் இவ்விடத்தில் பொருந்தாது. முகம் பார்ப்பவரை நோக்கியிருப்பது, இதுவோ இரு படலங்களுக்கு நடுவே புதைந்திருப்பது. மொழியியல் பயின்றோர்க்கு இதற்கு அணுக்கமான கருத்து ஒன்று தொல்காப்பியத்திலேயே உண்டு. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்தில் ஒலி திரிகிறது, தோன்றுகிறது, கெடுகிறது. மாற்றம் நிகழ்வது புணரிடத்தில் மட்டுமே. காந்தப் படலங்களில் நிலைமை சற்று வேறு. மாற்றம் பிறப்பது புணரிடத்தில்தான். ஆனால் ஃபெர்ரோ காந்தப் படலத்தின் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், எல்லையில் பட்ட பிடிப்பு படலம் முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. சொல்லின் ஈற்றெழுத்தைப் பிடித்தால் சொல் முழுவதும் கைக்குள் வருவது போன்றது இது.

இன்னும் ஒரு சொல். ஃபெர்ரோ காந்தத்தின் மீது புறக்காந்தப் புலத்தை ஏற்றி, இறக்கி, எதிர்த்திசையில் ஏற்றினால், பொருளின் காந்தமாதல் உடனடியாகப் பின்தொடர்வதில்லை, தயங்கித் தொடர்கிறது. வரைபடத்தில் மூடிய வளையம் ஒன்று கிடைக்கும். அதுவே தயக்கக் கண்ணி. வழக்கமான பொருளில் இந்தக் கண்ணி சுழியை நடுவாகக் கொண்டு இருபுறமும் ஒத்திருக்கும். வலப்பக்கம் திருப்ப எவ்வளவு புலம் வேண்டுமோ, இடப்பக்கம் திருப்பவும் அவ்வளவே வேண்டும்.

கிருஷ்ணனின் படிகங்கள்

மெய்க்கிள்ஜானும் பீனும் கண்டதன் புதுமை விளங்க, அதற்கு முன்னர் காந்தத் திசைவேற்றுமை எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும். ஒரு பொருள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தமாவதில்லை. படிகத்தின் அமைப்பைப் பொறுத்துச் சில திசைகள் எளியவை, சில கடினமானவை. இந்த வேற்றுமையை நுட்பமாக அளந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனுடன் இணைந்து 1928-இல் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர் என்றே அவரைப் பெரும்பாலோர் அறிவர். 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவரும் அவருடைய மாணவர்களும் படிகங்களின் காந்தப் பண்பு குறித்து வெளியிட்ட கட்டுரைத் தொடர் அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

முறை எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, அதைச் சீரான காந்தப் புலத்தில் வைக்க வேண்டும். படிகம் தனக்கு எளிய திசையைப் புலத்தோடு ஒத்துவைக்க முயலும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகினால் படிகம் ஓரளவு தாக்குப்பிடித்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று புரளும். அக்கோணத்திலிருந்து திசைவேற்றுமையின் அளவு கிடைக்கும். இங்கே கவனிக்கத்தக்கது, படிகத்தின் மீது செயல்படும் திருப்பு விசை கோணத்தின் இருமடங்கின் சைன் மதிப்பைப் பொறுத்தது என்பதே. அதன்படி ஒரு முழுச் சுற்றில் படிகத்துக்கு நிலையான இருக்கைகள் இரண்டு; அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. படிகத்துக்கு ஓர் எளிய அச்சு உண்டு. ஆனால் அந்த அச்சில் முன், பின் என்ற பாகுபாடு கிடையாது. ஒற்றைத் தண்டவாளம் போல, இரு திசைப் பயணமும் அதற்கு ஒன்றே.

இன்னொரு செய்தியையும் இங்கேயே குறித்துவைக்கலாம். 1948-இல் இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் தலைவர் ஹோமி பாபா. உறுப்பினர் இருவர், சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கே. எஸ். கிருஷ்ணனும். காந்தவியலை ஆழக் கற்ற ஒருவர் டிராம்பேயின் தோற்றுவாயிலேயே இருந்தார் என்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் அவ்வாணையம் மின்சாரம் பற்றி மட்டுமே எண்ணிய குழு அன்று என்பதற்கு அது ஒரு சான்று.

ஸ்கெனெக்டடியில் கண்டது

ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தின் நோக்கம் நிலைக்காந்தங்கள். மிக நுண்ணிய துகள்களிலிருந்து வலிய காந்தம் செய்ய இயலுமா என்று ஆராய்ந்தனர். கோபால்ட் துகள்களின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கோபால்ட் ஆக்சைடாக மாறும். உள்ளே ஃபெர்ரோ காந்தக் கரு. வெளியே எதிர் ஃபெர்ரோ காந்த ஓடு. ஆக்சைடின் நீல் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் என்று முன்னர்க் கண்டோம். அதற்கு மேலிருந்து, காந்தப் புலத்தில் வைத்தபடியே, துகள்களைத் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினுக்குக் குளிர்வித்தனர். பின்னர் தயக்கக் கண்ணியை அளந்தபோது அது நடுவில் இல்லை. ஒருபுறமாக விலகி நின்றது. புலமின்றிக் குளிர்வித்த துகள்களில் அந்த விலக்கம் இல்லை.

திருப்பு விசையை அளந்தபோது செய்தி இன்னும் தெளிவாயிற்று. கிருஷ்ணனின் படிகங்களில் இருமடங்குக் கோணத்தின் சைனாக இருந்தது, இங்கே கோணத்தின் சைனாகவே இருந்தது. அதாவது ஒரு முழுச் சுற்றில் நிலையான இருக்கை ஒன்றே ஒன்று. தண்டவாளம் ஒருவழிச் சாலையாகிவிட்டது. குளிர்விக்கும்போது புலம் எத்திசையில் இருந்ததோ அத்திசையைத் துகள் நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற திசைகளை மறுத்தது. இதை அவர்கள் புதிய வகைக் காந்தத் திசைவேற்றுமை என்று அறிவித்தனர். பின்னர் இவ்விளைவு பெற்ற பெயரைப் பரிமாற்றச் சார்பு எனத் தமிழில் சொல்லலாம். டயோடு பாடத்தில் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என வழங்கும் அதே சார்புதான் இது.

அவர்கள் தந்த விளக்கம் இவ்வாறு அமைந்தது. நீல் வெப்பநிலைக்கு மேல் ஆக்சைடு ஒழுங்கற்றது. கோபால்ட் மட்டும் புலத்தின் திசையில் அணிவகுத்து நிற்கிறது. குளிரும்போது ஆக்சைடில் ஒழுங்கு பிறக்கிறது. இடைப்பரப்பில் உள்ள ஆக்சைடு அணுக்கள், தம்மைத் தொட்டு நிற்கும் கோபால்ட் அணுக்களோடு பரிமாற்ற இடைவினையால் பிணைந்து, அவற்றுக்கு இசைந்த திசையிலேயே உறைந்துவிடுகின்றன. பின்னர் புறப்புலத்தைத் திருப்பினால் கோபால்ட் திரும்ப முயலும். எதிர் ஃபெர்ரோ காந்தமோ மொத்தக் காந்தம் சுழியாக இருப்பதால் புலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. எல்லையில் நிற்கும் அதன் அணுக்கள் கோபால்ட்டைப் பழைய திசைக்கே இழுக்கும். எனவே ஒரு திசையில் திருப்ப மிகுதியான புலமும், மறு திசையில் திருப்பக் குறைந்த புலமும் வேண்டும்.

நூறு மடங்குப் பிழை

விளக்கம் அழகானது. கணக்குத்தான் ஒத்துவரவில்லை. இடைப்பரப்பு அணு அளவிலும் வழுவழுப்பானது, அங்குள்ள எதிர் ஃபெர்ரோ காந்த அணுக்கள் அனைத்தும் ஒரே திசையை நோக்குபவை என்று கொண்டு, அறியப்பட்ட பரிமாற்ற வலிமையை இட்டுக் கணக்கிட்டால், படலங்களில் உண்மையாக அளந்ததைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு பெரிய விலக்கம் வர வேண்டும். ஃபெர்ரோ காந்தப் படலத்தின் தடிமன் கூடக்கூட விலக்கம் அதற்கேற்பக் குறைவதை அளவீடுகள் காட்டின. ஆகவே விளைவின் பிறப்பிடம் இடைப்பரப்பு என்பதில் ஐயம் இல்லை. அப்படியானால் இடைப்பரப்பைப் பற்றிய நம் படமே தவறு.

1987-இல் இருவேறு திருத்தங்கள் முன்வைக்கப்பட்டன. மவுரியும் அவருடன் பணியாற்றியோரும், எதிர் ஃபெர்ரோ காந்தம் முற்றிலும் விறைத்து நிற்பதில்லை, இடைப்பரப்பை ஒட்டிச் சற்றுத் திருகிக்கொடுக்கிறது, அதனால் ஆற்றல் பலவாறு பங்கிடப்பட்டு விலக்கம் குறைகிறது என்றனர். மலோசெமோஃப், இடைப்பரப்பு மேடும் பள்ளமுமானது, ஓர் அணுப்படி ஏறினால் எதிர் ஃபெர்ரோ காந்தத்தின் திசை தலைகீழாகும், ஆகவே இழுப்புகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்து எஞ்சிய சிறு மிச்சமே விலக்கமாகத் தெரிகிறது என்றார். இரண்டும் சரியான அளவுக்கு அருகே வந்தன. எது உண்மை? காகிதத்தில் அதைத் தீர்க்க இயலாது. இடைப்பரப்பைப் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதுதான் அரிது. சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்துக்கு அடியில் இடைப்பரப்பு புதைந்திருக்கிறது. காந்தமானி பொருள் முழுவதன் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும். சாதாரண எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களின் அடர்த்தியைக் காண்பவை. அணுக்காந்தத்தின் திசையை அவை ஏறக்குறைய உணர்வதில்லை. எதிர் ஃபெர்ரோ காந்தமோ வெளியிலிருந்து பார்த்தால் சுழி. இத்தகைய பொருளின் உள்ளொழுங்கை முதன்முதலில் நேரடியாகக் காட்டியது நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் அது பொருளுக்குள் ஆழமாகச் செல்லும். தானே ஒரு சிறு காந்தமாதலால் அணுக்காந்தங்களால் சிதறடிக்கப்படும். 1949-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்தி, நீல் சொன்ன எதிரெதிர் ஒழுங்கு மெய் என நிறுவினர். போதிய நியூட்ரான்கள் வேண்டுமென்றால் அணு உலை வேண்டும். இவ்விடத்தில்தான் டிராம்பே இக்கதைக்குள் வருகிறது.

டிராம்பேயின் நியூட்ரான்கள்

அப்சரா 1 மெகாவாட் அளவிலான நீச்சல்குள வகை உலை; எரிபொருள் பிரிட்டன் அளித்தது; பெயர் நேரு சூட்டியது. அதே 1956-இல், திருநெல்வேலியில் 1931-இல் பிறந்து, 1952-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்திருந்த பி. கே. ஐயங்கார், கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்துக்குச் சென்று பெர்ட்ரம் பிராக்ஹவுஸிடம் நியூட்ரான் சிதறல் பயின்றார். ஜெர்மானியம் படிகத்தின் அணு அதிர்வுகளை நியூட்ரான்களால் அளந்து இருவரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை, அத்துறையின் தொடக்க காலச் சாதனைகளுள் ஒன்று. பிராக்ஹவுஸும் ஷல்லும் 1994-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நாடு திரும்பிய ஐயங்கார், டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் குழு ஒன்றை வளர்த்தெடுத்தார். 1960-இல் கனடாவின் உதவியுடன் அமைந்த 40 மெகாவாட் சைரஸ் உலை இயங்கத் தொடங்கியபின் நியூட்ரான் கற்றைகளின் செறிவு கூடியது. அளவிகள் பலவற்றை அவர்களே வடிவமைத்துக் கட்டினர். காந்தப் பொருள்களின் ஆய்வும் அப்போதே வேரூன்றியது. 1969-இல் என். எஸ். சத்தியமூர்த்தியும் உடன்பணியாற்றியோரும் துத்தநாக நிக்கல் ஃபெரைட்டுகளில் அணுக்காந்தங்கள் நேர் எதிராக நில்லாமல் கோணலாகச் சாய்ந்து நிற்கும் கோணங்களை நியூட்ரான்களால் அளந்து வெளியிட்டனர். ஒரு பொருளின் காந்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், உள்ளே அணுக்காந்தங்கள் எவ்வாறு நிற்கின்றன என்று நேரே பார்த்து விடை சொல்வது: 1969-இல் ஃபெரைட்டுகளிடம் கேட்ட இக்கேள்வியும், பின்னாளில் இடைப்பரப்பிடம் கேட்ட கேள்வியும் ஒரே குடும்பத்தவை.

சைரஸின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட இயலாது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த கருவிக்குரிய புளுட்டோனியம் அவ்வுலையிலிருந்தே வந்தது. அந்தப் பணியின் முன்னணியில் இருந்தவர்களுள் ஐயங்காரும் ஒருவர். பொதுநினைவு அவரைப் பெரும்பாலும் அதனோடு மட்டுமே இணைத்துப் பேசுகிறது. ஒரே உலை, ஒரே மனிதர், இரண்டு வரலாறுகள். ஒன்றை எழுதி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. அடிப்படை அறிவியலைப் போற்றுவோர் புளுட்டோனியத்தை மறக்கக் கூடாது. குண்டைப் பற்றி மட்டும் எழுதுவோர் கற்றைத் துளையின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து அளந்தவர்களை மறக்கக் கூடாது.

1985 ஆகஸ்ட் 8 அன்று 100 மெகாவாட் துருவா உலை இயங்கத் தொடங்கியது. அதன் உச்ச நியூட்ரான் பாய்வு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 180 லட்சம் கோடி. உலைக்கு வெளியே தனிக் கூடம் ஒன்று எழுப்பப்பட்டு, நியூட்ரான்களை வழிநடத்தும் குழாய்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. உலையின் அருகிலுள்ள பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து விலகி நுண்ணிய அளவீடுகள் செய்ய அது வழிவகுத்தது.

படலத்தின் உள்ளே

பொருளுக்குள் நியூட்ரானைச் செலுத்துவது ஒரு வகை. மென்படலத்தின் மீது கூரை ஓட்டில் சறுக்குவதுபோல மிகச் சாய்வாக, பெரும்பாலும் ஒரு டிகிரிக்கும் குறைவான கோணத்தில் வீழ்த்தி, எதிரொளிக்கும் நியூட்ரான்களை எண்ணுவது மற்றொரு வகை. இதன் காந்தப் பயன்பாட்டை 1980-களில் முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபெல்ச்சர். நியூட்ரான்களின் தற்சுழற்சியை முதலில் ஒரே திசையில் ஒழுங்குபடுத்திவிட வேண்டும். படலத்தின் காந்தத்துக்கு இணையான தற்சுழற்சி கொண்டவையும் எதிரானவையும் வேறு வேறு அளவில் எதிரொளிக்கும். அந்த வேறுபாட்டைக் கோணவாரியாக அளந்தால், மேற்பரப்பிலிருந்து ஆழம் செல்லச் செல்லக் காந்தம் எவ்வாறு மாறுகிறது என்பதை நானோமீட்டர் நுட்பத்தில் வரையலாம். எதிரொளிக்கும்போது தற்சுழற்சி புரண்டுவிடும் நியூட்ரான்கள், படலத் தளத்தில் குறுக்காகத் திரும்பி நிற்கும் காந்தத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2000-ஆம் ஆண்டில் ஃபிட்ஸ்சிம்மன்ஸும் அவருடைய குழுவினரும், எதிர் ஃபெர்ரோ காந்த ஃபுளூரைடுகளின் மீது வளர்த்த இரும்புப் படலங்களை இம்முறையில் ஆராய்ந்தனர். தயக்கக் கண்ணியின் ஒரு பக்கத்தில் இரும்பின் காந்தம் ஒன்றாகச் சுழன்று திரும்புகிறது. மறுபக்கத்தில் எதிர்த்திசைக் களங்கள் தோன்றி, அவற்றின் சுவர்கள் நகர்வதால் திரும்புகிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல. காந்தமானி காட்டும் கண்ணியை எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் இந்த வேறுபாடு வெளிப்பட்டிராது.

நூறு மடங்குப் பிழைக்கு மிக நேரடியான விடை வேறொரு கருவியிலிருந்து வந்தது. 2003-இல் ஓல்டாகும் உடன்பணியாற்றியோரும் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களின் காந்த உணர்திறனைப் பயன்படுத்தி, இடைப்பரப்பில் உள்ள ஈடுசெய்யப்படாத அணுக்காந்தங்களுள் உறைந்து நிற்பவை ஓர் அணு அடுக்கில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே என்று காட்டினர். எஞ்சியவை ஃபெர்ரோ காந்தத்தோடு சேர்ந்தே திரும்பிவிடுகின்றன. மெய்க்கிள்ஜானும் பீனும் வகுத்த இயங்குமுறை சரி; இழுப்பவர்களின் எண்ணிக்கைதான் எண்ணியதைவிட மிகக் குறைவு. 47 ஆண்டுகள் நீடித்த கணக்குப் பிழையின் பெரும்பகுதி அங்கே இருந்தது.

டிராம்பேயிலும் இப்பார்வை அமைந்தது. சைபால் பாசுவும் சுரேந்திர சிங்கும் துருவாவில் தற்சுழற்சி ஒழுங்குபடுத்திய நியூட்ரான் எதிரொளிப்புமானியை அமைத்து, அதைப் பற்றி 2006-இல் எழுதினர். நிக்கல், அலுமினியம் அடுக்குகளைச் சூடேற்றும்போது இடைப்பரப்பில் உருவாகும் உலோகக் கலவையின் காந்தநிலை போன்றவை அங்கே ஆராயப்பட்டன. எஸ். எம். யூசுஃபின் குழு நானோ துகள்களின் வழியே பரிமாற்றச் சார்பை அணுகியது. மன்னாவும் யூசுஃபும் மற்றிருவரும் 2010-இல், லாந்தனம், சீரியம், குரோமியம் அடங்கிய ஆக்சைடு நானோ துகள்களில் வெப்பநிலைக்கேற்பக் கண்ணியின் விலக்கம் திசைமாறுவதை அறிவித்தனர். கருவும் ஓடுமாக அமைந்த துகள்கள் அவை. அமைப்பளவில் 1956-இன் கோபால்ட் துகள்களின் வழித்தோன்றல்கள். 2014-இல் மன்னாவும் யூசுஃபும் பரிமாற்றச் சார்பையும், ஒரு பொருளின் காந்த ஒழுங்கு எல்லை கடந்து அண்டைப் பொருளுக்குள் பரவும் விளைவையும் ஒருசேரத் தொகுத்து விரிவான மதிப்பாய்வுக் கட்டுரை எழுதினர். ஸ்கெனெக்டடியில் தொடங்கிய வினாவின் அரை நூற்றாண்டு விடைகளைத் தொகுத்த ஆவணங்களுள் ஒன்று டிராம்பேயிலிருந்து வந்தது என்பதே இங்கு நான் சுட்ட விரும்புவது.

பயனும் புகழும்

இதற்கிடையே இவ்விளைவு உலகின் மேசைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. 1991-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் தற்சுழற்சித் தடுக்கிதழ் என்னும் அமைப்பை அறிவித்தனர். செம்புப் படலத்தின் இருபுறமும் இரண்டு ஃபெர்ரோ காந்தப் படலங்கள். ஒன்றின் திசையை எதிர் ஃபெர்ரோ காந்தப் படலம் பரிமாற்றச் சார்பால் இறுகப் பிடித்துவைக்கும். மற்றொன்று வட்டில் பதிந்த செய்திக்கேற்பத் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிரெதிரானால் மிகுதி. இந்தப் படிப்பு முனையுடன் 16.8 கிகாபைட் வன்தட்டு 1997-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடிப்படையான பெருங்காந்தத்தடையைக் கண்ட ஆல்பர்ட் ஃபெர், பீட்டர் குருன்பெர்க் ஆகியோர் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர். படலத்தைப் பிடித்துவைக்கும் எதிர் ஃபெர்ரோ காந்தம், தன் இயல்புக்கேற்ப, வெளியே தெரியாமலே நின்றது.

மும்பைத் தமிழர் வரலாறு என்றால் தாராவியின் தோல் பதனிடு தொழிலும், மாட்டுங்காவின் பள்ளிகளும் கோயில்களும், செம்பூரின் குடியிருப்புகளும் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. டிராம்பே மலையின் இப்பக்கத்திலுள்ள அணுசக்தி நகருக்கும் அதில் ஓர் இயல் வேண்டும். அது வெறும் பெயர்ப்பட்டியலாக இருந்துவிடக் கூடாது; வத்திராயிருப்பிலிருந்து கிளம்பிய காந்தத் திசைவேற்றுமை ஆய்வும், திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய நியூட்ரான் சிதறலும், நாட்டின் பல மொழியினரும் சேர்ந்து கட்டிய ஒரு மரபில் எவ்வாறு இடம்பெற்றன என்பதைச் சொல்லும் இயலாக இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. துருவாவின் கற்றைகள் அங்குப் பணிபுரிவோர்க்கு மட்டும் உரியவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்து நடத்தும் கூட்டமைப்பின் மும்பை மையம் வழியாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். 2005-இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற ஹோமி பாபா தேசிய நிறுவனம் அணுசக்தி நகரிலிருந்தே முனைவர் பட்டம் வழங்குகிறது. மென்படலம் வளர்க்கும் ஆய்வகங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் உள்ளன. இடைப்பரப்பில் உறைந்து நிற்கும் அந்தச் சில விழுக்காடு அணுக்கள் எவை, அவை ஏன் உறைகின்றன, எண்ணிக்கையை நாம் விரும்பியவாறு கூட்டவோ குறைக்கவோ இயலுமா என்பவை பொருளுக்குப் பொருள் இன்றும் புதிதாகக் கேட்கத்தக்க வினாக்கள்.